10 எம்பியில் முழுப் படமாம், நம்பலாமா? நம்பினாலும் டவுன்லோட் செய்யலாமா?

நள்ளிரவு_ரசிகன்:

மக்களே, ஒரு சந்தேகம். ஃபோனில் இடம் குறைவு, டேட்டாவையும் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் "ஹைலி கம்ப்ரஸ்டு" என்று போட்டு வரும் படங்கள் பக்கம் கண் போகிறது. ஒரே படம் 300 எம்பி, 150 எம்பி, ஏன், 10 எம்பி என்றுகூடக் கிடைக்கிறது. அந்த 10 எம்பி ஜிப் கோப்பை விரித்தால் முழுப் படமும் 1080பி தரத்தில் வந்துவிடுமாம். கீழே ஏழெட்டு பேர் "சூப்பர், வேலை செய்கிறது, நன்றி" என்று எழுதி வேறு வைத்திருக்கிறார்கள்.

இப்படிச் சுருக்குவது நிஜமாகவே முடிகிற காரியமா? வைரஸ் வரும் என்று பயமுறுத்துகிறார்களே, வீடியோ என்பது வெறும் படமும் சத்தமும்தானே, அதற்குள் வைரஸ் எப்படி உட்காரும்? அப்புறம் சரியா தப்பா என்ற விஷயம். திருட்டுப் பிரதி தப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் நான் தேடுகிற படங்களில் பாதி நான் இருக்கும் நாட்டில் எந்தச் சேவையிலும் இல்லை. காசு கொடுக்கிறேன் என்றாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்படிப்பட்ட படத்தை எடுத்துப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? உபதேசம் வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வால்_நட்சத்திரம்:

அந்த ஏழெட்டு "நன்றி"யையும் ஒரே ஆள் எழுதியிருப்பார். தேதி, நேரம் போட்டிருந்தால் பாருங்கள்.


பிட்ரேட்_பித்தன்:

சுருக்கம் பற்றி நான் சொல்கிறேன், மற்றதற்கு மற்றவர்கள் வருவார்கள். 150, 300 எம்பி எல்லாம் நிஜம்தான். 10 எம்பி பச்சைப் பொய்.

ஒரு 1080பி ஃப்ரேமில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 20 லட்சத்துக்கு மேல். நொடிக்கு 24 ஃப்ரேம், 2 மணி நேரப் படம். வீடியோவில் வழக்கமாகச் செய்வதுபோல நிறத் தகவலை மட்டும் குறைத்துக்கொண்டு, வேறெந்தச் சுருக்கமும் செய்யாமல் வைத்தால் கிட்டத்தட்ட 537 ஜிபி வரும். இரட்டை அடுக்கு புளூ-ரே டிஸ்க்கின் கொள்ளளவே 50 ஜிபிதான். அதனால் நாம் ஒரிஜினல் என்று கும்பிடுகிற டிஸ்க்கும் ஏற்கெனவே பத்தில் ஒரு பங்குக்குக் கீழே சுருக்கியதுதான், இது பலருக்கு உறைப்பதில்லை. 2003இல் வந்த ஹெச்.264 என்ற வீடியோ சுருக்க முறை ஒரு பெரிய தாவல், 2013இல் வந்த ஹெச்இவிசி அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் கொடுத்தது, 2018இல் வந்த ஏவி1 இன்னும் கொஞ்சம் குறைத்தது. ஆக, படம் சின்னதாகிக்கொண்டே வருவதில் ஏமாற்று எதுவும் இல்லை, அது கணிதம்.

ஆனால் 300 எம்பியை 7,200 நொடிக்குப் பங்கு போட்டால் நொடிக்கு 333 கிலோபிட். ஒலிக்கு 64 போனால் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 270. முழு ஹெச்டி ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட் (5,000 கிலோபிட்), நம்ம ஆளிடம் இருப்பது அதில் பதினெட்டில் ஒரு பங்கு. வேறு மாதிரி சொன்னால் திரையில் ஏறத்தாழ 180 புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு பிட். இரண்டு பேர் உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் பேசும் காட்சியில் இது தெரியாது, ஏனென்றால் முந்தைய ஃப்ரேமில் இருந்ததையே என்கோடர், அதாவது சுருக்கும் மென்பொருள், திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ளும். மழை, புகை, கூட்டம், கடல் அலை, இருட்டு, இங்கேதான் மானம் போகும். இரவு வானம் பட்டை பட்டையாக உடையும், முகத்தில் உள்ள தோல் நயம் வழித்தெடுத்ததுபோல மழமழவென்று ஆகிவிடும். ஃபிலிமில் எடுத்த பழைய படமாக இருந்தால் அதன் கிரெயின், அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடிப் புள்ளிகள், முழுக்கக் காணாமல் போகும். ஒலியும் ஆறு தடங்கள் கொண்ட 5.1இலிருந்து இரண்டு தட ஸ்டீரியோவாக மடக்கப்படும், அதை அவசரத்தில் செய்திருந்தால் இசை உயர்ந்து வசனம் உள்ளே அமுங்கிவிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைத்தே 2 மணி நேரம் போகும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. 300 எம்பி கோப்பின் பெயரில் "1080பி" என்று எழுதுவதே வெட்டி கௌரவம். அதே 300 எம்பியை 480பியில் செலவழித்தால் புள்ளிகள் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும், ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து மடங்கு பிட் கிடைக்கும், சின்னத் திரையில் அதுதான் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 480பி என்று போட்டால் யார் கிளிக் செய்வார்கள்?

சரி, 10 எம்பி. 2 மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு 11 கிலோபிட். பழைய செல்ஃபோன் அழைப்பில் குரலை மட்டும் கடத்தப் பயன்பட்ட ஏஎம்ஆர் முறையின் உச்ச வேகமே 12.2 கிலோபிட். ஒருவர் ஃபோனில் பேசுவதற்கு வேண்டிய இடத்துக்குள் ஒரு முழுப் படம் எப்படி வரும்?

ஜிப் செய்தால் சுருங்கும் என்பதும் கதை. ஜிப் வேலை செய்வது ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்போது. வீடியோவில் அப்படி வருவதையெல்லாம் கோடெக் (ஹெச்.264 மாதிரியான சுருக்க முறை) முன்பே கறந்துவிட்டது, அதனால் 700 எம்பி எம்பி4 கோப்பை ஜிப் செய்தால் சில எம்பி குறைந்தாலே அதிகம். அதே சமயம் "42.ஜிப்" என்று பழைய விஷமக் கோப்பு ஒன்று உண்டு, அதன் அளவு வெறும் 42 கேபி, அடுக்கடுக்காக முழுசாக விரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி. அவ்வளவு சுருங்கக் காரணம் அதற்குள் உருப்படியாக எதுவுமே இல்லை, ஒரே மாதிரி வெற்றுத் தரவு. சின்னக் கோப்பு மாயமாக 1 ஜிபியாக விரிந்தால் உள்ளே படம் இருக்கிறது என்று அர்த்தமில்லை, காலி இடம் இருக்கிறது என்று அர்த்தம்.


சுவர்க்கோழி:

பித்தன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். உள்ளே படம் இல்லை, சரி, அப்படியானால் வேறு எதற்காக அந்த 10 எம்பியை உங்கள் கையில் கொடுக்க இவ்வளவு சிரமப்படுகிறார்கள்? அதைத்தான் யோசிக்க வேண்டும்.

ரசிகன், வீடியோவுக்குள் வைரஸ் எப்படி உட்காரும் என்று நீங்கள் கேட்டது பாதி சரி. நிஜமான எம்பி4, எம்கேவி என்பது தரவு மட்டும்தான், தானாக ஓடாது. பிளேயரில் ஓட்டை இருந்தால் மட்டுமே அது ஆபத்து. அப்படியும் நடந்திருக்கிறது. 2017 மே மாதம் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், வெறும் சப்டைட்டில் கோப்பை வைத்தே கணினியைக் கைப்பற்ற முடியும் என்று காட்டியது. விஎல்சி, கோடி, பாப்கார்ன் டைம், ஸ்ட்ரீமியோ என்ற பிளேயர்கள் எல்லாமே அதில் மாட்டின, பிறகு திருத்திவிட்டார்கள். பிளேயரைப் பழைய பதிப்பிலேயே வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆனால் சாதாரணமாக நடப்பது இந்த அளவுக்குச் சாமர்த்தியமானதே இல்லை. கோப்பின் பெயர் "படம்.1080பி.எம்பி4.எக்ஸ்இ", எக்ஸ்இ என்றால் அது வீடியோ இல்லை, ஓடும் நிரல். விண்டோஸ் வழக்கமாகவே கடைசி எக்ஸ்டென்ஷனை மறைத்துவிடும், ஐகானை மட்டும் வீடியோ மாதிரி மாற்றி வைத்துவிட்டால் போதும். அல்லது பெயரை அவ்வளவு நீளமாக வைப்பார்கள், வால் பகுதி திரைக்கு வெளியே போய்விடும். அல்லது ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதி வைப்பார்கள். எல்லோருக்கும் தெரிகிற பாஸ்வேர்டு எதற்கு என்று கேளுங்கள். ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். இன்னொரு வகை, படம் ஓடாது, "இந்தக் கோடெக்கை நிறுவுங்கள்" என்று வரும். ஃபோனில் அதுவே "எங்கள் பிளேயர் ஏபிகேயை நிறுவுங்கள்" என்று வரும், ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். படம் பார்க்க எஸ்எம்எஸ் எதற்கு? வங்கி ஓடிபி அங்கேதானே வருகிறது.

கோப்பைத் தொடாமல் தளத்தைத் திறந்தாலே போதும் என்ற கதையும் உண்டு. பைரேட் பே என்ற டொரன்ட் தளம் 2017 செப்டம்பரில், வருகிறவர்களின் பிரவுசர் வழியாக அவர்கள் கணினியின் பிராசசரைக் கொண்டே மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை எடுத்தது வெளியே வந்தது. கேட்டால் சோதனை செய்து பார்த்தோம் என்றார்கள். பெயர் தெரிந்த தளமே அப்படி, நேற்று முளைத்து நாளை பெயர் மாறும் தளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

டொரன்ட், அதாவது பயனர்களே ஒருவருக்கொருவர் கோப்பைத் துண்டு துண்டாகப் பகிரும் முறை என்றால் இன்னொரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இறக்கும்போதே வந்த துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருப்பீர்கள், அதே கூட்டத்தில் இருக்கும் எவருக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும். பல நாடுகளின் சட்டத்தில் பார்ப்பவரைவிட விநியோகிப்பவர் மேல்தான் பிடி இறுகும். "நான் சும்மா ஒரு படம் பார்த்தேன்" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பதிவில் நீங்கள் விநியோகஸ்தர்.


எதிர்க்கட்சி:

தொழில்நுட்பம் எல்லாம் சரி தோழர்களே, ஆனால் அவர் கேட்ட கடைசிக் கேள்வியை எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். விற்காத பொருளை எடுத்தால் விற்பனை எப்படிக் குறையும்?

காசு கொடுத்து "வாங்கு" பட்டனை அழுத்துகிறவனுக்கு மட்டும் என்ன மரியாதை கிடைக்கிறது? 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் கடையில் மக்கள் விலை கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை அவர்கள் கணக்கிலிருந்தே நீக்கப்போவதாக அறிவித்தது. கூச்சல் எழுந்தது, அந்த மாதமே புது உரிம ஏற்பாடு செய்து அப்போதைக்கு நிறுத்திவைத்தார்கள். ஆனால் நீக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. 2013இல் நெட்ஃப்ளிக்ஸின் அதிகாரி ஒருவரே, எந்தத் தொடரை வாங்கலாம் என்று முடிவெடுக்கத் திருட்டுத் தளங்களில் எது ஓடுகிறது என்றும் பார்க்கிறோம் என்று சொன்னார். பொறுக்கிக்கொண்டு போகிறவனை வைத்தே சந்தை ஆய்வு.

இன்னும் பழைய கதை வேண்டுமா? 1922இல் வந்த ஜெர்மன் மௌனப் படம் நாஸ்ஃபெராட்டு, டிராகுலா நாவலை அனுமதி இல்லாமல் எடுத்தது. அந்த நாவலை எழுதிய ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார், 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. யாரோ சிலர் அழிக்காமல் வைத்திருந்த பிரதிகளால்தான் இன்று அதைச் சினிமா வகுப்பில் போட்டுக் காட்டுகிறார்கள். சட்டத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் நமக்கு அந்தப் படம் இல்லை.


கத்தரி_ஒட்டு:

நான் படத்தொகுப்பு வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் சின்னப் படங்கள். அதனால் எனக்குச் சார்பு உண்டு, அதை வைத்துக்கொண்டே படியுங்கள்.

எதிர்க்கட்சி சொன்ன நாஸ்ஃபெராட்டு எனக்கும் பிடித்த உதாரணம், ஆனால் அது இந்தத் தலைப்புக்கு எதிராகத்தான் பேசுகிறது. அங்கே தப்பியது ஃபிலிம் பிரதி. அதை வைத்துப் பல ஆண்டுகள் கழித்துச் சீரமைக்க முடிந்தது. 300 எம்பி கோப்பிலிருந்து எதையும் சீரமைக்க முடியாது, வெளியே எறிந்த தகவல் எறிந்ததுதான், 180 புள்ளிகளுக்கு ஒரு பிட் என்று பித்தன் கணக்கே போட்டுக் காட்டிவிட்டார். அந்தக் கோப்பை வைத்திருப்பவர் படத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. படம் அழிந்து இது மட்டும் மிஞ்சினால் அதில் கேமரா செய்த வேலை இருக்காது, ஒலி வடிவமைப்பு இருக்காது, கதை என்னவென்று தெரியும், அவ்வளவுதான். ஒரு காட்சியில் இருட்டுக்குள் ஒருவர் நிற்பது லேசாகத் தெரிய வேண்டும், முழுசாகத் தெரியக் கூடாது என்பதற்காக நிறம் திருத்துபவரோடு உட்கார்ந்து மல்லுக்கட்டுவோம். சுருக்கியவனின் கோப்பில் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும். பார்த்தவர் வந்து "அந்த ட்விஸ்ட் திடீரென்று வந்தது" என்று விமர்சனம் எழுதுவார்.

நஷ்டம் யாருக்கு என்றால், ஒரே பதில் இல்லை, எல்லாப் படத்துக்கும் ஒரே பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வெளியான முதல் வாரத்தில் ஒரு சின்னப் படம் கசிந்தால் அது நேரடி அடி. அந்தத் தயாரிப்பாளர் அடுத்த படத்துக்குப் பணம் கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு வேறு எண் கிடையாது. பெரிய ஸ்டுடியோ தாங்கிக்கொள்ளும். "அவர்கள் பணக்காரர்கள்தானே" என்ற வாதம் பெரிய ஸ்டுடியோவுக்கு ஓரளவு பொருந்தலாம், ஆனால் திருட்டுத் தளம் பட்ஜெட் பார்த்து எடுப்பதில்லையே. மறுபுறம், உரிமையாளர் யார் என்றே தெரியாத, எந்தச் சேவையும் சீண்டாத நாற்பது வருடப் பழைய படத்தை ஒருவர் தேடிப் பிடித்துப் பார்த்தால் என் தூக்கம் கெடாது. சட்டப்படி அதுவும் மீறல்தான். 1886இல் வந்த, நாடுகளுக்கிடையிலான காப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை பொதுவாகப் படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 50 ஆண்டு என்றும், சினிமாவுக்கு வெளியானதிலிருந்து 50 ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது, பல நாடுகள் அதற்கு மேலேயும் கொடுக்கின்றன. கிடைக்கவில்லை என்பதால் காலாவதி ஆகாது.

என்னை உறுத்துவது வேறு. நீங்கள் கொடுக்காத காசு எங்கேயும் போகாமல் நிற்கவில்லை. பதிலுக்கு அந்தத் தளத்துக்கு விளம்பர வருமானம் கிடைக்கிறது, சுவர்க்கோழி சொன்ன ஏபிகே கும்பலுக்கு ஆள் கிடைக்கிறது. உங்கள் கண்ணும் உங்கள் ஃபோனும்தான் அங்கே விலை. பெருநிறுவனத்துக்கு எதிரான கலகம் என்று சொல்லிக்கொண்டு அதைவிட மோசமான ஒரு வியாபாரிக்கு வாடிக்கையாளர் ஆவதில் எனக்கு எந்தக் கலகமும் தெரியவில்லை.

நாட்டில் கிடைக்காத படத்துக்கு ஒரு வழி, சின்னப் படங்களுக்கு மட்டும் பலிக்கும் வழி: இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ நேராக எழுதுங்கள். விநியோக உரிமை நாடு நாடாகத்தான் விற்கப்படுகிறது, உங்கள் நாட்டுக்கு விற்கவே இல்லை என்றால் உரிமை அவர்கள் கையிலேயே இருக்கும், பல பேர் காசு வாங்கிக்கொண்டோ வாங்காமலோ ஒரு லிங்க் அனுப்பிவிடுவார்கள். நாங்களே அனுப்பியிருக்கிறோம். "உங்கள் படத்தை எங்கே பார்க்கலாம்" என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டால் எங்களுக்கு அன்று சாப்பாடு வேண்டாம்.


எதிர்க்கட்சி:

கடைசிப் பத்தி நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய ஸ்டுடியோவுக்கு எழுதினால் தானியங்கிப் பதில்தான் வரும். பிரித்துப் பிரித்து ஆளுக்கொரு சேவை ஆரம்பித்து, ஒரு தொடரின் முதல் சீசன் ஓரிடம், அடுத்தது வேறிடம் என்று வைத்ததும் அவர்கள்தான். முதல் வாரக் கசிவை நான் ஆதரிக்கவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வாங்கியதை நீக்க முடியாது என்று சட்டம் வரட்டும், மிச்சத்தையும் பேசலாம்.


நள்ளிரவு_ரசிகன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. 10 எம்பி சமாசாரத்தைத் தொடப் போவதில்லை. ஆனால் டேட்டா குறைவு என்ற என் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது, அதற்கு யோசனை சொல்லுங்கள். அப்புறம், சுவர்க்கோழி எழுதியதைப் படித்ததும் பக்கென்று ஆனது. தம்பி ஃபோனில் இப்படி ஒரு பிளேயர் ஆப் பார்த்தேன், பிளே ஸ்டோரில் அந்தப் பெயரே இல்லை. என்ன செய்வது?


பிட்ரேட்_பித்தன்:

டேட்டாவுக்கு: முறையான சேவைகளின் ஆப்களிலேயே டவுன்லோட் தரம் என்று ஒரு செட்டிங் உண்டு, அதைக் குறைந்ததில் வையுங்கள். வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு பிறகு பாருங்கள். 1080பி ஆசையை விடுங்கள். அவர்களிடம் மூலக் கோப்பு இருக்கிறது, அதிலிருந்து நேராகச் சுருக்குகிறார்கள். திருட்டுப் பிரதி பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கியது, அதனால் அதே அளவில் முறையான சேவையின் கோப்பு பொதுவாக மேல்.

காப்புரிமை முடிந்த பழைய படங்கள் இன்டர்நெட் ஆர்கைவில் நிறைய இருக்கின்றன. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஏறியதெல்லாம் சட்டபூர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருக்கும் வித்தையிலேயே ஆர்வம் வந்துவிட்டால் பிளெண்டர் அமைப்பு எடுத்த பிக் பக் பன்னி (2008), சிண்டெல் (2010), டியர்ஸ் ஆஃப் ஸ்டீல் (2012) மூன்றும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம், உயர்தரக் கோப்பாகவே தருகிறார்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு 480பி, 1080பி இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


சுவர்க்கோழி:

தம்பி ஃபோன்தான் முதல் வேலை. இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். செட்டிங்கில் ஆக்ஸசிபிலிட்டி பட்டியலில் அந்த ஆப் இருந்தால் அனுமதியை எடுங்கள், டிவைஸ் அட்மின் பட்டியலிலும் பாருங்கள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் சில ஆப்கள் நீக்கவே விடாது. பிறகு அன்இன்ஸ்டால். முரண்டு பிடித்தால் சேஃப் மோடில் போய் நீக்குங்கள், அதுவும் முடியவில்லை என்றால் புகைப்படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். பிரவுசரில் நோட்டிபிகேஷன் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியலையும் காலி செய்யுங்கள்.

மெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும், ஆனால் அந்த ஃபோனிலிருந்து மாற்ற வேண்டாம், உங்கள் ஃபோனிலிருந்து மாற்றுங்கள். அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருந்தான் என்றால் வங்கிக் கணக்கின் சமீபத்திய வரவுசெலவை இன்றே ஒரு முறை பார்த்துவிடுங்கள், தெரியாத தொகை போயிருந்தால் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் தம்பியைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை எதை நிறுவினான் என்று சொல்ல மாட்டான்.